டண்டினொங்கை எண்ணப் போனவள்

என் தம்பி சந்திரன் டெக்சாஸில் ஒரு கவுண்டியில் இருக்கிறான். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி ஒன்று. அதை அவனே காடு வெட்டித் திருத்தி உண்டாக்கியதுபோல ஒரு பெருமை அவனுக்கு. நான் மெல்பேர்ன் வந்து இறங்கிய மறுநாள் காலையில், கண்ணை முழுசாகத் திறப்பதற்கு முன்பே, வாட்ஸப்பில் நீளமாக ஒரு கட்டுரை அனுப்பியிருந்தான். அவன் கவுண்டியின் மக்கள்தொகை, யார் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை. கடைசியில் ஒரு வரி: "அக்கா, உலகத்துல உள்ள அத்தனை சனமும் எங்க கவுண்டில இருக்கு. மல்லிகா ஊர்ல யாரு இருக்கா? கங்காருதான?"

மல்லிகா என் தங்கை. மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கின் வடக்கு ஓரத்தில் வீடு, பக்கத்து மல்கிரேவில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு சோபாவில் காலை நீட்டிக் கிடந்தாள். அவள் கணவருக்கு மேற்கே சுரங்கத்தில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. சமைத்துப் போட ஆளில்லை. பாளையங்கோட்டையில் பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று நினைவு வந்திருக்கிறது. ஆகஸ்ட் குளிரில், மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு, நான் வந்து சேர்ந்த கதை இதுதான்.

தம்பியின் செய்தியைப் படித்துக் காட்டினேன். மல்லிகாவுக்குக் கால்தான் அசையாது, வாய் நன்றாகவே அசையும். "கங்காருவா? அவன் டண்டினொங் சந்தைக்கு ஒரு தடவை வரட்டும். அவன் கவுண்டிய மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போயிருவான். அக்கா, நீ போய்ப் பாத்து, எண்ணிட்டு வந்து அவனுக்கு எழுது!"

எண்ணுவது எனக்குப் புதிதல்ல. நம் ஊரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் முதலில் பிடிபடுவது பள்ளிக்கூட வாத்தியார்கள்தான். இரண்டு தடவை நான் போயிருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில் வெயிலோடு வெயிலாக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். நாய் துரத்தும். "வயசு என்னம்மா?" என்றால், "நீங்களே பாத்து ஒரு அறுவது போட்டுக்கோங்க டீச்சர்" என்பார்கள். ரேஷன் அட்டை போய்விடுமோ என்று பயந்து மகனை மறைப்பார்கள், வீட்டு மனை கிடைக்குமோ என்று ஆசைப்பட்டு இல்லாத மருமகளைச் சேர்ப்பார்கள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்த வீடுகளை இன்றைக்கும் பெயர் சொல்லுவேன்.

அதனால், மேசைமேல் கிடந்த அரசாங்கக் கடிதத்தை மல்லிகா காட்டியதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இங்கேயும் கணக்கெடுப்பாம்! வருகிற செவ்வாய்க்கிழமை இரவு யார் யார் எந்த வீட்டில் தங்குகிறார்களோ, அத்தனை பேரையும் அந்த வீட்டிலேயே எண்ணுவார்களாம். விருந்தாளியும் கணக்கில் உண்டாம்.

"அப்போ நானும் உண்டா?"

"நீயும் உண்டு."

"ஆள் எப்போ வருவாங்க? வடைக்கு உளுந்து போடணும்ல?"

மல்லிகா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஆளெல்லாம் வராதுக்கா. நாமளே கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பிரணும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கணக்கெடுப்பவர் வராத கணக்கெடுப்பு என்ன கணக்கெடுப்பு? ஆனாலும் அன்று மாலை உளுந்தை ஊறப் போட்டேன். பழக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சந்தைக்குக் கிளம்பினேன். மல்லிகா பஸ் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். எண் சரிதான். ஆனால் அந்த எண்ணுள்ள பஸ் இரண்டு பக்கமும் போகும் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் நான் மட்டும் பஸ்ஸில் இருந்தேன். வெளியே கண்ணாடிக் கட்டடங்கள், வரிசையாகக் கார்கள், வெட்டிவிட்ட புல். ரோட்டில் ஒரு மனிதப் பிறவி இல்லை. சந்திரன் சொன்னதுபோல் கங்காருகூட இல்லை.

ஓட்டுநர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். திரும்பிப் பார்த்து, "அம்மா, எங்கே போகணும்?" என்றார் ஆங்கிலத்தில். சந்தை என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இது மல்கிரேவ். இங்கே கம்ப்யூட்டர்தான் விளையும், காய்கறி விளையாது. அப்படியே உட்காருங்கள், நான் திரும்பி அங்கேதான் போகிறேன்" என்றார். திரும்பும் வழியில் தன் மகள் பல் மருத்துவத்துக்குப் படிப்பதையும், லூதியானாவில் தன் அண்ணன் நிலத்தை விற்றுவிட்டதையும் சொல்லிக்கொண்டே வந்தார். நம் ஊர் ஓட்டுநர் இதற்குள் என்னை இறக்கிவிட்டு நாலு திட்டும் திட்டியிருப்பார்.

சந்தையில் நுழைந்ததும் என் கை தானாகப் பையில் பேனாவைத் தேடியது. முதல் கடையில் ஒரு ஆப்கானியர், உருளைக்கிழங்கு வைத்து மடித்த ரொட்டியைக் கல்லில் புரட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர் ஆலு பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வியட்நாம்காரப் பெண்மணியின் கீரைக்கடை. எனக்குத் தெரிந்த வல்லாரையும் தெரியாத பத்துக் கீரையும். அதற்கு அடுத்த கடையில் இரண்டு சூடான்காரப் பெண்கள், பனைமரம்போல் உயரம், தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஏதோ முணுமுணுத்தார். "அமுக்காமல் எப்படித் தெரியும்?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். உலகம் பூராவும் இந்த வழக்கு ஒன்றுதான். கம்போடியா, அல்பேனியா, மொரீஷியஸ், பாகிஸ்தான் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே போனேன். சிலர் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒரு கோழிக்கடைக்காரர் மட்டும், "நான் இங்கேயே பிறந்தவன், உங்களுக்கு என்ன வேண்டும், காலா தொடையா?" என்றார். தொடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மீன் பகுதியில்தான் அன்ரனைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், முதல் தடவை இல்லை. மல்லிகா வீட்டின் பின்பக்கம், தோட்டத்தைத் தாண்டி, ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட ஒரு சின்ன வீடு உண்டு. அதில் குடியிருப்பவர் அன்ரன். மன்னார்க்காரர், நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். நான் வந்த அன்றே என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தவர் அவர்தான்.

"அக்கா, இஞ்ச என்ன செய்யிறியள்? அந்த விளமீன வாங்காதேங்கோ, அது முந்தநாள் செத்தது" என்று என் கையிலிருந்த மீனை எடுத்துத் திரும்ப வைத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்து வேறு ஒன்று தேர்ந்து கொடுத்தார். கடற்கரையில் பிறந்தவரோடு மீன் விஷயத்தில் வாதம் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

அவர் காரிலேயே வீட்டுக்குத் திரும்பினோம். நான் என் நோட்டைக் காட்டி, எத்தனை நாட்டு ஆட்கள் பாருங்கள் என்றேன். ரசித்துச் சிரித்தார். கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சின்ன வீட்டுக்கும் கடிதம் வந்ததா என்று கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இல்லை அக்கா. வரேல்லை. வராட்டில் நல்லதுதான்." சிக்னலில் கார் நின்றதும் என் பக்கம் திரும்பினார். "அக்கா, ஒண்டு கேக்கிறன். என்னை எழுதாதேங்கோ. மல்லிகாக்காட்டையும் சொல்லிப் போடுங்கோ. ஆரும் கேட்டா, பின்னால ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

வீட்டில் மல்லிகா விவரம் சொன்னாள். அன்ரன் படகில் வந்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் தற்காலிக விசாதான். மாதக் கணக்கில் நீட்டிப்பார்கள், சில சமயம் அதற்கும் தாமதம் ஆகும். மனைவியும் இரண்டு பெண்களும் மன்னாரில். சின்னவளை அவர் கைக்குழந்தையாக விட்டு வந்தது, இப்போது போனில் அவருக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறாள். "எந்தக் காயிதத்துலயும் புதுசாப் பேர் ஏறக்கூடாதுன்னு அவருக்கு ஒரு பயம்க்கா. பேர் ஏறினா யாராவது எடுத்துப் பாப்பாங்க, பாத்தா அனுப்பிருவாங்கன்னு. நூலகத்துல கார்டு எடுக்கவே ரெண்டு வருஷம் யோசிச்சார்."

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காரணம் இருக்கிறது. என் இரண்டாவது கணக்கெடுப்பில், ஒரு கிராமத்தில், ஒரு வீட்டின் பின்னால் தீப்பெட்டிக் கட்டை அடுக்கும் கொட்டகையில் ஒருவர் இருந்தார். வீட்டுக்காரர், "அவன் எங்க ஆளு இல்ல டீச்சர்" என்றார். அந்த மனிதரும் கையெடுத்துக் கும்பிட்டு, "எம்பேரு வேண்டாம் தாயி" என்றார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். உச்சி வெயில், இன்னும் பதினாலு வீடு பாக்கி. நோட்டை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த ஊர்க் கணக்கில் ஒரு ஆள் குறைவு. குறைத்தவள் நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மல்லிகாவிடம் அன்றுதான் சொன்னேன்.

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத. அவர் கேட்டுக்கிட்டாருல்ல, விட்டுரு" என்றாள்.

விட்டுவிடத்தான் நினைத்தேன். சனிக்கிழமை மதியம் அன்ரன் ஒரு கிண்ணத்தை மூடிக் கொண்டுவந்தார். மீன் சொதி. எங்கள் திருநெல்வேலியிலும் சொதி உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைச் சாப்பாட்டில் வைப்போம்: தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கூடவே இஞ்சித் துவையல். அவர் சொதியில் பருப்பே கிடையாது, தண்ணீராக மஞ்சள் நிறத்தில் மீன் மிதந்தது. "இது சொதியா?" என்று நான் கேட்க, "அப்ப நீங்கள் வைக்கிறது சாம்பார் அக்கா" என்று அவர் சொல்ல, அரைமணி நேரம் இனிமையாகச் சண்டை போட்டோம். ஞாயிற்றுக்கிழமை என் சொதியை வைத்துக் காட்டுவதாகச் சபதம் செய்தேன். "ஓம் ஓம், வையுங்கோ. வேலைக்குப் போட்டு வாறன்" என்று போனார்.

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு பெண். முப்பது வயதிருக்கும், தலையில் நீலச் சால்வை, தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் உறைகளின் கட்டு. கணக்கெடுப்பு ஆள்!

மல்லிகா வராது என்று சொன்ன ஆள் வந்தே விட்டார். என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? "உள்ளே வாருங்கள், உட்காருங்கள், நானும் உங்கள் தொழில்தான்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய பாளையங்கோட்டை ஆங்கிலம், அவருக்குப் புரிந்தது. உட்காரக்கூடாது என்பதுதான் விதியாம். மதியம் சுட்ட வடையை நீட்டி, வாசற்படியில் நின்றபடி சாப்பிடக்கூடாது என்று விதியில் இல்லையே என்றேன்.

"இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்டார்.

"வெறும் உளுந்து."

மூன்று வடை சாப்பிட்டார். பெயர் மரியம். ஆப்கானிஸ்தானில் பிறந்து, பத்து வயதில் வந்தவர். பகலில் படிப்பு, இந்த ஒரு மாதம் இந்த வேலை. காலையில் ஒரு வீட்டில் நாய் துரத்தியதாம். நான் கையைத் தட்டிச் சிரித்தேன். எங்கள் ஊர் நாய்களைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா?" என்று கேட்டார். பாருங்கள், தொழில் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வியே தனி.

பிறகு அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பின்னால் ஒரு சின்ன வீடு தெரிகிறது. என் பட்டியலில் இல்லை. அதில் யாராவது குடியிருக்கிறார்களா?"

நான் சொல்ல வேண்டிய பதில் தயாராகத்தான் இருந்தது. ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதான். ஆனால் குளிரில் நடந்து வந்து, வாசலில் நின்று, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஆள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை வீட்டில் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்! என் வாய் என்னைக் கேட்காமலே, "உண்டு. ஒருத்தர்" என்று சொல்லிவிட்டது.

மரியம் எழுதிக்கொண்டார். நான் பதறிப்போய், பின்வீட்டுக்காரர் பயப்படுகிறார், அவர் பெயரை வேறு யாருக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "இல்லை. சட்டப்படி வேறு எந்த அலுவலகத்துக்கும் கொடுக்கக்கூடாது. குடிவரவுக்கும் கிடையாது. என் அப்பாவும் முதல் தடவை கட்டிலுக்கடியில் படிவத்தை ஒளித்து வைத்தார்" என்றார். பின்வீட்டுக் கதவிடுக்கில் ஒரு காகிதப் படிவத்தைச் செருகிவிட்டு, எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

உள்ளே சோபாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மாலை அன்ரன் வந்தார். தோட்டத்தில் அவர் நடக்கும் சத்தம், பிறகு சத்தம் நின்றது. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

"தம்பி, நான்தான் சொல்லிட்டேன். பொய் சொல்ல வரல. என்னை மன்னிச்சிருங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லை அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபதப்படி சொதி வைத்தேன். இஞ்சித் துவையலும் அரைத்தேன். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் பதில் இல்லை. மாதா கோவில் பூசைக்குப் போனவர் அன்று மாலைவரை திரும்பவில்லை. கிண்ணத்தை வாசற்படியில் வைத்தேன். திங்கட்கிழமை காலை கிண்ணம் கழுவிக் கவிழ்த்து எங்கள் படியில் இருந்தது. ருசி எப்படி என்று ஒரு சொல் இல்லை. இதைவிட ஒருவர் என்னைத் திட்ட முடியாது.

"வீடு மாறிப் போயிருவாரோ?" என்றேன். "போயிருவார் மாதிரித்தான் இருக்கு. குவேக்கர்ஸ் ஹில்ல அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, சிட்னிக்கு வந்துருன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்" என்றாள் மல்லிகா. மூன்று நாள் சிட்னிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து வரலாம் என்று எனக்கு முன்பு ஒரு ஆசை இருந்தது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே பிடிக்காமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது. சந்திரன் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான்: "என்ன அக்கா, டண்டினொங்குல மொத்தம் எத்தன பேர்? எண்ணிட்டியா?" நான் பதில் போடவில்லை. எண்ண வந்தவள் ஒரு மனிதரை வீட்டை விட்டுக் கிளப்பிய கதையை எந்த வாயால் சொல்வது?

மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது இந்தக் குளிர்காலத்தில். மல்லிகா மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கணக்கை நிரப்பினாள். அவள் முதல் ஆள். நான் விருந்தாளி. வழக்கமாக இந்த வீட்டில் இருந்து இன்று வெளியே இருப்பவர் என்று சுரங்கத்தில் இருக்கும் அவள் கணவருக்கும் ஒரு இடம் இருந்தது. என் பிறந்த நாடு, என் அம்மா பிறந்த நாடு எல்லாம் கேட்டார்கள். இத்தனை ஆயிரம் மைல் தள்ளி வந்து, ஒரு வேற்று அரசாங்கம் என் அம்மாவைப் பற்றிக் கேட்டதும், அம்மா பிறந்த ஊரையும் சேர்த்துப் போடு என்றேன்.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. அன்ரன். வேலை உடுப்போடு, கையில் அந்த உறை. பிரிக்கப்பட்டிருந்தது.

"அக்கா, பேனை ஒண்டு தாறியளே?"

நான் பேனாவோடு நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து படிவத்தை மேசையில் தடவித் தடவி நேராக்கினார். நாங்கள் கேட்காமலே சொன்னார்:

"இண்டைக்கு வேலையில மதியம் சாப்பாட்டு நேரம் எல்லாரும் இதைப் பற்றித்தான் கதை. வியட்நாம்காரன் சொல்லுறான், பக்கம் கூட எண்டு. சூடான்காரன் சொல்லுறான், ஒன்பது பேருக்கு எழுதிக் கை நோகுது எண்டு. ஆப்கான்காரன்ர கம்ப்யூட்டர் அரைவாசியில நிண்டு போச்சாம். ஆளாளுக்கு முறைப்பாடு அக்கா. என்னைப் பாத்து, உனக்கு என்ன பிரச்சினை எண்டு கேட்டாங்கள். எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. அந்த மேசையில நான் மட்டும் சும்மா இருந்தனான்." பேனாவைத் திறந்தார். "அது ஒரு மாதிரிக் கிடந்தது."

மல்லிகா மடிக்கணினியை மூடி வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை வாயை நம்புவதாக இல்லை.

அவரே படித்து, அவரே எழுதினார். தெரியாத இடத்தில் மட்டும் கேட்டார். பிறந்த நாடு எழுதினார். மதம் என்ற கேள்விக்கு விருப்பமிருந்தால் பதில் சொன்னால் போதும் என்று இருந்தது. "விருப்பம்தான்" என்று கத்தோலிக்கத்துக்கு நேரே பெரிதாகக் கோடு போட்டார். வீட்டில் பேசும் மொழி தமிழ். "தனிய இருக்கிறன், ஆரோட பேசுறது? போனில பேசுறதும் வீட்டிலதானே?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார். மணமானவரா என்பதற்குச் சிரித்துக்கொண்டே கோடு போட்டார். மனைவி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எங்கே எழுதுவது என்று கேட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். இங்கே ஒரு நாளும் குடியிருக்காதவர்களுக்கு அதில் இடம் இல்லை. மல்லிகா அதை மெல்லச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு வருஷம் அல்லது அதற்கு மேல் தங்குவதற்காக எந்த வருஷம் வந்தீர்கள் என்று ஒரு கேள்வி. அதில்தான் பேனா ரொம்ப நேரம் நின்றது. "நான் ஆறு மாதத்தில இவையளக் கூப்பிடலாம் எண்டுதானே வந்தனான்" என்றார். பிறகு வருஷத்தை எழுதினார். அன்றும் நான் வைத்திருந்த சொதி அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து பரிமாறவில்லை.

எல்லாம் முடிந்து, முதல் பக்கத்துக்குத் திரும்பினார். பெயர் எழுதும் கட்டத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அதற்கு மேலே அச்சடித்திருந்ததை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்: "பேர்சன் வன்."

"ஆள் ஒண்ணு. அந்த வீட்டுல முதல் ஆளு" என்றாள் மல்லிகா.

"படகில வந்த உடன எங்கள அடைச்சு வைச்ச முகாமில பேர் சொல்லிக் கூப்பிட மாட்டினம். படகின்ர எழுத்தும் ஆளின்ர நம்பரும்தான். என்ர நம்பர் அம்பத்தேழு. பாத்ரூமுக்குப் போனாலும் அம்பத்தேழு, காச்சல் எண்டாலும் அம்பத்தேழு." என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "இஞ்ச நான் ஒண்டாம் நம்பர் அக்கா."

பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக, பெயரை எழுதினார். உறையை ஒட்டினார். தபாலில் போடுவதைத் தன் கையாலேயே செய்வேன் என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு சொதியைச் சூடுபண்ணி மூன்று பேரும் சாப்பிட்டோம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமையும் நல்லாத்தான் இருந்தது, கோவத்தில சொல்லேல்லை" என்றார். பிறகு, "ஆனா இது சாம்பார்தான்" என்றார்.

"சிட்னிக்குப் போறீங்களாமே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆர் சொன்னது? ஒண்டாம் நம்பர் இல்லாமல் அந்த வீட்டில ஆர் இருக்கிறது?"

அவர் போன பிறகு கைப்பேசியை எடுத்தேன். சந்திரன் மறுபடி கேட்டிருந்தான்: "அக்கா, தோல்விய ஒத்துக்கோ. மொத்தம் எத்தன பேர்?"

எழுதி அனுப்பினேன்: "மொத்தம் எனக்குத் தெரியாதுடா. ஆனா நேத்தைக்கு இருந்ததுக்கு இன்னைக்கு ஒரு ஆள் கூட."